சிங்க்வே தெர்ரேயில் எங்கே சாப்பிடலாம்? நெத்திலிக்கு ஓர் இரவு, கடலை மாவுக்கு ஒரு மதியம்

கேள்வி இது: "அக்டோபரில் நான்கு நாள் இத்தாலியின் சிங்க்வே தெர்ரேக்குப் போகிறோம். கணவர் மீன் என்றால் விடமாட்டார். மாமியார் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அந்தக் கடற்கரை முழுக்க திராட்சைத் தோட்டம், ஒயினுக்குப் பேர்போன ஊர் என்கிறார்கள். இணையத்தில் தேடினால் நூறு உணவகம் வருகிறது. நிஜமாகவே போக வேண்டியவை எவை?"

பக்கத்திலிருக்கும் லா ஸ்பெத்ஸியாவில் பல வருடமாக வசிக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த ஐந்து கிராமங்களுக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கடல் தெரியும் மேசையைத் தேடிப் போகாதீர்கள். ஐந்து ஊரிலும் எங்கே உட்கார்ந்தாலும் கடல் தெரியும். அந்த மலையில் விளைந்ததும் அந்தக் கடலில் பிடித்ததும் எந்தத் தட்டில் வருகிறது என்று பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டால் நூறு உணவகம் ஏழெட்டாகக் குறைந்துவிடும்.

சிங்க்வே தெர்ரே என்றால் "ஐந்து நிலங்கள்". வடக்கிலிருந்து மோன்தெரோஸ்ஸோ, வெர்னாத்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. படத்தில் பார்த்தால் மீனவக் குப்பங்கள் போலத் தெரியும். ஆனால் இந்த மக்கள் நூற்றாண்டுகளாக முதலில் விவசாயிகள், அப்புறம்தான் மீனவர்கள். கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் மலையை வெட்டி, சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிச் சுவர் கட்டி, படிப்படியாகத் திராட்சை வைத்தார்கள். இந்த நிலப்பரப்பை 1997-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. 1999-இல் இது தேசியப் பூங்கா ஆனது. அறுவடை நாளில் பார்க்க வேண்டும். கூடை கூடையாகப் பழத்தை ஏற்றிக்கொண்டு, ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன மோட்டார் வண்டி மலைச்சரிவில் ஊர்ந்து இறங்கும். அது எட்டாத இடத்தில் இன்றும் மனித முதுகுதான்.

இந்த உழைப்பைத் தெரிந்துகொண்டு மேசையில் உட்காருங்கள். இந்த ஊர் வெள்ளை ஒயின் பக்கத்து மாநில ஒயினைவிட ஏன் விலை கூடுதல் என்ற கேள்வியே எழாது. 1973-இலிருந்து இதற்கு டிஓசி முத்திரை உண்டு, அதாவது எந்த ஊரில் எப்படிச் செய்த ஒயின் என்பதற்கான இத்தாலியச் சட்ட முத்திரை. பொஸ்கோ என்ற திராட்சைதான் முக்கியம், குறைந்தது நாற்பது விழுக்காடு அது இருக்க வேண்டும். அல்பரோலா, வெர்மெந்தீனோ இரண்டும் துணைக்கு. கொஞ்சம் காய்ந்த மூலிகை வாசம், கடைசியில் நாக்கில் ஓர் உப்புக்கரிப்பு. வறுத்த நெத்திலிக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. மெனுவில் வெறும் "வீட்டு வெள்ளை ஒயின்" என்று இருந்தால் அது இந்த மலையில் விளைந்ததாக இருக்க வேண்டியதில்லை. "சிங்க்வே தெர்ரே டிஓசியா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷம்தான் படுவார்கள்.

இனி உணவகங்கள். நான்கு நாளில் ஒரே ஒரு இரவுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் அந்த இரவு வெர்னாத்ஸாவுக்கு. அங்கே "தெகாமே" என்று ஒரு பண்டம். பெயர் அது வேகும் சட்டியிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக அரிந்து அடியில் பரப்புவார்கள். அதன்மேல் முள் எடுத்த பச்சை நெத்திலி, அதன்மேல் தக்காளி, பூண்டு, மூலிகை, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வெள்ளை ஒயின். அப்படியே அடுப்பறைக்குள் போகும். வெளியே வரும்போது மேலே நெத்திலி ஓரம் சுருண்டு வெள்ளி நிறம் மங்கியிருக்கும். கீழே உருளைக்கிழங்கு மீனின் சாறு, தக்காளிப் புளிப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் குடித்து ஊறிக்கிடக்கும். கணவரிடம் சொல்லிவையுங்கள்: முதல் வாய் மீன் அல்ல, அந்த அடி உருளைக்கிழங்கு. சட்டி ஓரத்தில் லேசாகத் தீய்ந்து ஒட்டியிருப்பதையும் சுரண்டிச் சாப்பிட வேண்டும். நெத்திலி மண்சட்டிக் குழம்பில் வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவே தோன்றாது. மிளகாயும் புளியும் இல்லாமல் நெத்திலி இவ்வளவு பேசுமா என்றுதான் தோன்றும்.

இதற்கு வெர்னாத்ஸாவில் எனக்கு இரண்டு இடம். ஒன்று ஜான்னி ஃபிரான்ஸி. துறைமுகத்தைப் பார்த்த மார்க்கோனி சதுக்கத்திலேயே இருக்கிறது. படகுகள், ஓடும் பிள்ளைகள், மாதா கோயில் மணி எல்லாம் மேசைக்குப் பக்கத்தில். இன்னொன்று பெல்ஃபோர்தே. கடல் ஓரத்துப் பாறைமேல் பழைய கோட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் உணவகம். செங்குத்தான படி ஏற வேண்டும். கீழே அலை பாறையில் மோதும் சத்தம் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் சதுக்கத்து உணவகமே போதும். இரண்டிலும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பதிவு செய்யும்போதே அன்றைக்குத் தெகாமே உண்டா என்று கேளுங்கள். நெத்திலி வந்தால்தான் அதுவும்.

2011 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த மழையில் மலைச்சரிவு இறங்கி வெர்னாத்ஸாவும் மோன்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. நீங்கள் நடக்கப்போகும் அந்தப் பிரதான வீதியில் தரைத்தளக் கடைகள் எல்லாம் மண்ணுக்குள் போயின. ஊர்க்காரர்கள் அள்ளித் துடைத்துத் திரும்பக் கட்டினார்கள். ஆளில்லாமல் கைவிடப்பட்ட கற்சுவர்கள் சரியும்போது மலையும் சேர்ந்து இறங்குகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பயம். ஒருகாலத்தில் மலை முழுக்க இருந்த திராட்சை இன்று சுமார் நூறு ஹெக்டேரில்தான் நிற்கிறது. அதனால் உள்ளூர் ஒயின் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. அந்தக் காசில் ஒரு பங்கு சுவருக்குப் போகிறது.

மோன்தெரோஸ்ஸோவில் நெத்திலிக்கு வேறு முகம். இரவில் படகில் விளக்கு ஏற்றி, அந்த வெளிச்சத்துக்குக் கூடும் மீனைப் பிடித்து, கரைக்கு வந்த கையோடு தலை கிள்ளி, உப்பு அடுக்கி, கனம் வைத்து அழுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் ஊறிய பிறகு உப்பைக் கழுவி ஆலிவ் எண்ணெய் விட்டு வரும். வெண்ணெய் தடவிய ரொட்டியில் ஒரு துண்டு வைத்துக் கடித்தால் போதும். பச்சை நெத்திலியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தும் தருவார்கள். அந்த ஊர் எலுமிச்சை தனி வாசம். கொஞ்சம் நல்ல செலவில் உட்கார்ந்து சாப்பிட, கடற்கரையை ஒட்டிய ஃபெஜீனா பகுதியில் மீக்கி இருக்கிறது. குடும்பம் நடத்தும் உணவகம், மீன் சமையலில் கைதேர்ந்தவர்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் பழைய ஊருக்குள் ரோமா வீதியில் எனோதேக்கா இன்டர்நாசியோனாலேக்குப் போங்கள். அது ஒயின் கடை. வெளியே மேசை போட்டு நெத்திலி, பாலாடைக்கட்டி, ரொட்டியோடு கோப்பை கோப்பையாக உள்ளூர் ஒயின் ருசி பார்க்கத் தருவார்கள். எந்த ஒயின் பிடிக்கிறது என்று முதல் நாளே இங்கே கண்டுபிடித்துவிட்டால் மிச்ச மூன்று நாளும் சுலபம்.

மனரோலாவில் எல்லோரும் நெஸ்ஸுன் தோர்மாவைச் சொல்வார்கள். ஊருக்கு எதிரே முனையில், படங்களில் வரும் அந்தக் காட்சி அப்படியே கண்முன் இருக்கும். போங்கள், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். ரொட்டித் துண்டுகள், தக்காளி, பாலாடைக்கட்டி, ஒரு கோப்பை ஒயின், அந்த அளவுக்கான இடம். அங்கே பெஸ்தோ என்ற பச்சை இலைத் துவையலை இடிக்கச் சொல்லித் தரும் வகுப்பு நடக்கிறது. அம்மியும் உரலும் தெரிந்த உங்கள் மாமியார் அதில் ஆசிரியரையே ஆச்சரியப்படுத்துவார். சாப்பிட, ஊரின் மேல்பக்கம் ஏறி ட்ராட்டோரியா தால் பில்லிக்குப் போங்கள். திராட்சைப் படிக்கட்டுகள் கண்ணெதிரே தெரியும். முதல் சுற்றுக்கே கடல் பண்டங்கள் சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருக்கும். இருவருக்கு ஒன்று வாங்கினாலே வயிறு பாதி நிறைந்துவிடும், அடுத்ததை யோசித்துச் சொல்லுங்கள். மனரோலாவுக்கு மேலே க்ரொப்போவில் விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் கூடம் இருக்கிறது. ஊருக்குக் கொண்டுபோக பாட்டில் வாங்க அதுதான் சரியான இடம்.

ரியோமஜ்ஜோரேயில் படகுத்துறை ஓரத்து தாவ் சீலா எனக்குப் பிடித்தது. கொர்னீலியா மட்டும் கடலைத் தொடாமல் பாறை உச்சியில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஏற முன்னூற்று எழுபதுக்கு மேல் படி. மாமியாரை ஏற்றாதீர்கள், நிலையத்து வாசலிலேயே சிற்றுந்து நிற்கும். மேலே ஃபியெஸ்கி சந்தில் கந்தீனா தே மனனான், பழைய கல் நிலவறைக்குள் சில மேசைகள். அங்கே இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

சைவத்துக்கு வருகிறேன். கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். இந்தக் கிராமங்கள் இருக்கும் லிகூரியா மாநிலம் இத்தாலியில் சைவர்களுக்கு நல்ல ஊர். மேய்ச்சல் நிலம் குறைவான மலை, அதனால் கீரையும் கொண்டைக்கடலையும் கொட்டைகளும் சமையலில் முன்னே வந்தன. பெஸ்தோ பிறந்தது இங்கேதான். சின்ன இலைத் துளசி வகையான ஜெனோவா பாசில், பைன் கொட்டை, பூண்டு, கல் உப்பு, ஆலிவ் எண்ணெய், இரண்டு வகைப் பாலாடைக்கட்டி. அதை அடுப்பில் காட்டவே கூடாது. பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டுத் தளர்த்திக் கலப்பதுதான் முறை. சூடாக்கினால் பச்சை கறுத்து வாசம் போய்விடும். உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்ந்தே வேகவைத்த பாஸ்தாவோடு வந்தால் சமையல்காரருக்கு ஊர் வழக்கம் தெரியும் என்று அர்த்தம்.

மாமியாருக்கு முட்டை ஆகாது என்பதால் த்ரோஃபியே கேளுங்கள். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் முறுக்கிய சின்னச் சுருள் பாஸ்தா, முட்டை இல்லை. பன்ஸோத்தி என்று காட்டுக்கீரை அடைத்த கொழுக்கட்டை போன்ற பாஸ்தாவும் உண்டு. அரைத்த அக்ரூட் சாற்றில் மூழ்கி வரும், அருமையாக இருக்கும், ஆனால் உள்ளே முட்டை சேர்ப்பார்கள். பக்கத்து ஊரான லெவந்தோவின் காத்தாஃபீன் என்ற பொரித்த கீரைப் பண்டமும் அப்படித்தான். முட்டை சாப்பிடுகிற சைவர்கள் இரண்டையும் விடக்கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெஸ்தோவில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைப்பது. அது தெரிந்தால் சாப்பிட மாட்டார் என்றால் முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிறகு தெரியவந்தால் மனசு கஷ்டப்படும்.

"சைவம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெத்திலியை மீனாகவே கணக்கில் எடுக்காமல் சுவைக்காகக் கரைத்துவிடுகிற சமையலறைகள் உண்டு. "நியெந்தே கார்னே, நியெந்தே பெஷே, நியெந்தே அச்சூகே, நியெந்தே ஊவோவா" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், நெத்திலி, முட்டை எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். தாளில் எழுதிக் காட்டினாலும் சரி.

ஒரு மதியம் கிராமங்களை விட்டுவிட்டு ரயிலேறி லா ஸ்பெத்ஸியாவுக்கு வாருங்கள். மாமியாருக்காகவே சொல்கிறேன். மஜென்தா வீதியில் லா பியா, 1887-இலிருந்து ஃபரினாத்தா சுடும் கடை. கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், நான்கே பொருள். மாவை நீர்க்கக் கரைத்து மணிக்கணக்கில் வைத்து, மேலே கட்டும் நுரையை எடுத்துவிட்டு, கட்டிலளவு அகலச் செப்புத் தட்டில் எண்ணெய் விட்டு ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். வெளியே வரும்போது மேல்தோல் பொன்னிறமாகப் புள்ளி விட்டிருக்கும். உள்ளே கூழுக்கும் அடைக்கும் நடுவில் ஒரு மென்மை. வெட்டித் தட்டில் போட்டு மிளகை நிறையத் தூவிக்கொள்ளுங்கள். ஆறவிடக் கூடாது, நின்றபடியே சாப்பிட்டாலும் சரி. நான் கூட்டிப்போன அத்தனை தமிழ் அம்மாக்களும் இரண்டாம் துண்டு கேட்டிருக்கிறார்கள். பயணம் முழுக்க ரொட்டியும் பாஸ்தாவும் பார்த்துச் சலித்த நாக்குக்குக் கடலை மாவின் வாசனை வீட்டு அடுப்பங்கரையையே கொண்டுவந்துவிடும். அதே ஊரில் மெஷூவா என்று கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், கோதுமை மணி மூன்றையும் தனித்தனியாக வேகவைத்துச் சேர்த்த கஞ்சி போன்ற ஒன்றும் கிடைக்கும். கொஞ்சம் எண்ணெய், மிளகு, அவ்வளவுதான். கணவருக்கு அங்கே அடைத்த சிப்பி வாங்கிக் கொடுங்கள். இந்த வளைகுடாவில் சிப்பி வளர்ப்பு நூறு வருடத்துக்கு மேலான தொழில். இந்த ஊர்க்காரர்கள் அதை "மூஸ்கொலி" என்பார்கள்.

ஜெனோவா வழியாக வருகிறீர்கள் என்றால் ரெக்கோவில் இறங்குங்கள். 1885-இல் தொடங்கிய மனுவெலீனாவில் பாலாடைக்கட்டி ஃபொகாச்சா சாப்பிடலாம், ஃபொகாச்சா என்றால் தட்டை ரொட்டி. ஈஸ்ட் சேர்க்காத மாவைக் கண்ணாடி போல இழுத்து, இரண்டு தாளுக்கு நடுவே இளம் பாலாடைக்கட்டியைத் துளித்துளியாக வைத்துச் சுடுவது. உறைபொருள் விஷயத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மாமியாருக்குக் கொடுக்கலாம். ரோம் பக்கமிருந்து காரில் வந்தால் கஸ்தெல்நுவோவோ மாக்ராவில் ட்ராட்டோரியா அர்மாந்தா உண்டு, அந்தப் பக்கம் வெர்மெந்தீனோ ஒயினின் நாடு.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முழு மீன் வாங்கினால் விலைக்குப் பக்கத்தில் "எத்தோ" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு கிராம் என்று அர்த்தம். நான் இங்கே வந்த புதிதில் ஒரு துறைமுக உணவகத்தில் ஏழு யூரோ என்று நினைத்து மீன் சொன்னேன். எண்ணூறு கிராம் மீனுக்கு ஐம்பத்தாறு யூரோ பில் வந்தது. சுடுவதற்கு முன் எடையைச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. நல்ல கடையில் மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டி, எடையும் சொல்லி, சரியா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறையவைத்த சரக்கு. பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ "கொப்பெர்த்தோ" என்று வரும். அது ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம், ஏமாற்று இல்லை. மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள், ராத்திரி ஏழரைக்கு மேல். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும், மாமியாருக்குப் பசி தாங்காது என்றால் நாலு மணிக்கு ஃபொகாச்சா கடைதான் கதி.

நீங்கள் அக்டோபரில் வருவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஷக்கெத்ரா என்று இந்த மலையின் இனிப்பு ஒயின். செப்டம்பரில் பறித்த நல்ல குலைகளை நிழலில், காற்றோட்டமாக, தட்டிகளில் பரப்பிக் காயப்போடுவார்கள். நவம்பர் முதல் தேதிக்கு முன் பிழியக் கூடாது என்பது விதி. அதனால் நீங்கள் வரும்போது பழம் தட்டியில் சுருங்கிக்கொண்டிருக்கும். அழுகியதைக் கையால் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். மோன்தெரோஸ்ஸோவில் புராங்கோ போன்ற தோட்ட வீடுகளில் முன்கூட்டிச் சொன்னால் ஒயின் ருசிக்கலாம், அப்படியே காயும் திராட்சையைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கதவு திறந்ததும் வரும் அந்த வாசனை, உலர்திராட்சையும் தேனும் கொஞ்சம் ஈர மரமும் கலந்தது, எழுத்தில் சொல்லி முடியாது. அவ்வளவு பழமும் பிழிந்தால் சாறு மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அதனால்தான் அரை பாட்டிலுக்கே அந்த விலை. சின்னக் கோப்பையில், காய்ந்த பிஸ்கட்டோடு, சாப்பாடு முடிந்து அரை மணி கழித்துக் குடியுங்கள். வெர்னாத்ஸா இரவின் முடிவில் ஒரே ஒரு கோப்பை வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்தாலும் போதும்.

தேதியை மட்டும் கவனியுங்கள். அக்டோபர் கடைசி வாரம் தாண்டினால் பல உணவகங்கள் பருவம் முடிந்து கதவை அடைக்கத் தொடங்கிவிடும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. மாதத்தின் முதல் பாதியில் வர முடிந்தால் வாருங்கள். வெர்னாத்ஸா மேசையை இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.